அவசரப்படாத சட்டி: ஸ்லோ குக்கரும் மாட்டிறைச்சி நூடுல்ஸும்

கொழும்பில் சாதாரண இறைச்சிக் கடையில் வாங்கும் மாட்டிறைச்சி, இறைச்சிக்கென்றே கொழுக்க வளர்த்த இளம் மாட்டினுடையதாக இருப்பது அரிது. பால் வற்றிய பசு, உழைத்து ஓய்ந்த எருது, எருமை ஆகியவையே பெரும்பாலும் அறுக்கப்படுகின்றன. அறுத்த உடலைக் குளிரறையில் பல நாள் தொங்கவிட்டு மென்மையாக்கும் வழக்கமும் நமது கடைகளில் இல்லை. அதனால்தான் கொட்டாஞ்சேனையில் வாங்கிய இறைச்சியை ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்துவிட்டு, இன்னும் அவியவில்லையே என்று பல வீடுகளில் அலுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், மசாலா போதவில்லை, உப்பை முதலிலேயே போட்டதுதான் பிழை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் சதைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தீர்க்கக் காலம் வேண்டும். அந்தக் காலம் முழுவதும் ஒரே சீரான மென்சூடும் வேண்டும். அந்த இரண்டையும் ஆள் நிற்காமலே தருவதற்கென்று உருவான எளிய கருவிதான் ஸ்லோ குக்கர். கொழும்பு வீடுகளில் இன்னும் பரவலாகாத இந்தக் கருவி, நமது இறைச்சிக்கும் நமது வேலைநாளுக்கும் மிகவும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மாட்டிறைச்சியும் நூடுல்ஸும் சேர்ந்த ஓர் இரவுச் சாப்பாட்டை வைத்து அதைப் பார்ப்போம்.

இறைச்சி என்பது இரண்டு வகைப் பொருள்களின் சேர்க்கை. ஒன்று, சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசையிழை. மற்றது, அந்த இழைகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து எலும்போடு இணைக்கும் சவ்வு. சவ்வின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் தும்புக் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் அமைப்பு. விலங்குக்கு வயது ஏற ஏற, இந்தச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, சூட்டுக்கு எளிதில் இளகாத நிலை வருகிறது. எப்போதும் உடலைத் தாங்கி நடந்த கால், தோள், கழுத்து ஆகிய பகுதிகளில் கொலாஜன் அதிகம். முதுகின் உட்புறத்தில் அசையாமல் கிடக்கும் சதையில் குறைவு. கால்சதை மலிவாகவும் முதுகுச்சதை விலையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது இந்தச் சதையைச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்று படிப்படியாகக் கவனிக்க வேண்டும். 50 பாகை செல்சியஸ் அளவில் தசையிழைப் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. 60 முதல் 65 பாகையில் கொலாஜன் சுருங்கி இழைகளை நெரிக்கிறது. இறைச்சிச் சாறு பிழிந்து வெளியேறுகிறது. துண்டு சிறுத்து இறுகுகிறது. 70 பாகையைத் தாண்டிய பிறகே கொலாஜனின் முறுக்கு மெல்ல அவிழ்ந்து, அது ஜெலட்டினாக நீரில் கரையத் தொடங்குகிறது. அந்தக் கரைதல் நிமிடங்களில் முடிவதில்லை. முதிர்ந்த மாட்டின் கால்சதைக்குப் பல மணி நேரம் எடுக்கும். ஆகவே முக்கால் மணி நேரத்தில் சட்டியைத் திறந்து கடித்துப் பார்ப்பவர், இறைச்சி மிகக் கடினமாக இருக்கும் கட்டத்தில் பார்க்கிறார். சாறு போய்விட்டது, சவ்வு இன்னும் கரையவில்லை. அவியாத இறைச்சி என்று நாம் சொல்வது பாதி வழியில் நிறுத்தப்பட்ட இறைச்சியை. வழி முழுவதும் போனால், சாறிழந்த இழைகளைச் சுற்றி ஜெலட்டின் படிந்து, வாயில் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் உணர்த்தும். இதற்குச் சான்று வேண்டுமென்றால் மிஞ்சிய குழம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். மேலே மஞ்சள் கலந்த கொழுப்பு ஓடாகப் படிந்திருக்கும். அதைக் கரண்டியால் விலக்கினால், கீழே குழம்பு ஜெலிபோல உறைந்து தளதளவென்று ஆடும். அந்த உறைவு முழுக்க, முந்தைய நாள் பல்லுக்குச் சவாலாயிருந்த சவ்வு.

இந்த நீண்ட வழியைக் கடக்க மனிதர் எப்போதோ வழிகள் கண்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ‘சோலன்ட்’ அவற்றில் ஒன்று. சனிக்கிழமை ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளி மாலையே இறைச்சியும் அவரையும் தானியமும் நிறைந்த சட்டியை ஊர் வெதுப்பகத்தின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுவதும் வேகும். லித்துவேனியாவின் வில்னாவில் தன் தாய் கண்ட இந்தச் சமையலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்சன், அதே வேலையைச் செய்யும் மின்சாரச் சட்டிக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம், அதைச் சீர்படுத்தி 1971இல் ‘குரொக்பொட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த அமெரிக்காவில் அது வேகமாகப் பரவியது. நமக்கும் இந்தச் சமையல் அந்நியமல்ல. பறங்கியர் வீட்டு ‘ஸ்மோர்’ ஒரு முழு மாட்டிறைச்சித் துண்டைத் தேங்காய்ப் பாலிலும் மசாலாவிலும் நெடுநேரம் அவிப்பது. மலாய் மக்கள் பிட்டோடு சாப்பிடும் குடற்கறியான பாபத்தும் பொறுமையை நம்பிய சமையல்தான்.

கருவியின் அமைப்பு மிக எளிது. கனத்த பீங்கான் பாத்திரம் ஒன்று. அதைச் சுற்றிய உலோக உறைக்குள் சூடாக்கும் கம்பிச்சுருள். மேலே கண்ணாடி மூடி. நடுத்தர அளவுள்ள குக்கரின் வலு ஏறத்தாழ 200 வாட். சுருள் அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் சுற்றியிருப்பதாலும், பீங்கான் மெதுவாகச் சூடேறி அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதாலும் அடிப்பிடிக்கும் பேச்சே அநேகமாக எழாது. ‘லோ’, ‘ஹை’ என்ற இரண்டு நிலைகளும் இரண்டு வெவ்வேறு சூடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலையை ஒட்டிய ஒரே சூட்டைத்தான் அடைகின்றன. ‘லோ’ ஏழெட்டு மணி நேரத்தில், ‘ஹை’ மூன்று நான்கு மணி நேரத்தில். மூடியைக் கவனித்தால் இன்னொரு நுட்பம் தெரியும். எழும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் முத்துமுத்தாகத் திரண்டு, விளிம்பை நோக்கி வழிந்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையிலுள்ள வெளியில் மெல்லிய நீர்வளையமாக நிற்கிறது. அந்த நீரே ஆவி தப்பாமல் அடைக்கிறது. ஆசைக்கு மூடியைத் திறந்து பார்த்தால், அடைப்பு உடைந்து சூடும் இறங்கி, சமையல் அரை மணி நேரம்வரை பின்தங்கும்.

ஆவி தப்பாததன் பயன் சிறிதல்ல. ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2,260 கிலோயூல் மறைவெப்பம் தேவை. திறந்த சட்டியில் மூன்று மணி நேரம் இறைச்சி அவித்து, அதில் அரை லீற்றர் நீர் வற்றினால், அதற்கு மட்டும் 1,130 கிலோயூல் செலவாகிறது. அது இறைச்சியை மென்மையாக்கச் சிறிதும் உதவவில்லை. வாயு அடுப்பின் சூட்டில் பாதியளவு பக்கத்தால் வீணாவதையும் சேர்த்தால், வற்றிய அந்த நீருக்காக ஏறத்தாழ 50 கிராம் சமையல் வாயு எரிந்திருக்கும். ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரம் முழு வலுவில் ஓடினாலும் 1.6 அலகு மின்சாரத்துக்கு மேல் எடுக்காது. 2,000 வாட் கேத்தல் 48 நிமிடம் ஓடுவதற்குச் சமம் அது. சமையல் வாயுவுக்காக வீதியோரம் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை மறக்காத நகரத்தில், அடுப்பு ஒன்றுக்கு மாற்றாக இன்னொரு வழி வீட்டில் இருப்பது தெம்புதான்.

பிரஷர் குக்கர் இருக்கையில் இது எதற்கு என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. அமுக்கம் கூடுவதால் பிரஷர் குக்கருக்குள் சூடு 120 பாகையை எட்டுகிறது. கொலாஜன் ஒரு மணி நேரத்துக்குள் கரைகிறது. செலவாகும் சக்தியும் எல்லாவற்றிலும் குறைவு. வேகமும் சிக்கனமும் மட்டுமே அளவுகோல் என்றால் பிரஷர் குக்கரே வெல்லும். ஆனால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். விசில் எண்ண வேண்டும், அடுப்பைத் தணிக்க வேண்டும், நேரம் மிகத் தவறினால் இறைச்சி நார்நாராகப் பிரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் வீட்டைப் பூட்டிவிட்டு, மாலையில் காலி வீதி நெரிசலைக் கடந்து திரும்பும் குடும்பத்துக்கு இல்லாதது அந்த ஆள்தான். ஸ்லோ குக்கர் ஆளில்லாத அந்தப் பத்து மணி நேரத்தைச் சமையல் நேரமாக மாற்றுகிறது. அரை மணி முந்தினாலும் பிந்தினாலும் கறி கெடுவதில்லை.

அடுத்த மறுப்பு சுவை பற்றியது. வேகவைத்த இறைச்சிக்கு வறுத்த வாசம் வராது என்பார்கள், அது சரி. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் விவரித்த தாக்கத்தால்தான் இறைச்சி பொன்னிறமாகி மணக்கிறது. அது விறுவிறுவென்று நடக்க 140 பாகையளவு சூடு வேண்டும். நீர் நிறைந்த சட்டி 100 பாகையைத் தாண்டாது. ஆகவே அந்த வேலையை இயந்திரத்திடம் கேட்கக்கூடாது. இறைச்சியின் ஈரத்தைத் துடைத்து, கனமான தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை வாட்டி, அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, வறுத்த கறித்தூள் ஆகியவற்றை வதக்கிக் குக்கருக்கு மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை. கறுவா, ஏலக்காய், கராம்பு, இரம்பை முதலிலேயே போகலாம்; மூடிய சட்டி அவற்றின் வாசத்தைப் பிடித்து வைக்கும். நீர் மிகக் குறைவாகப் போதும். ஒரு கிலோ இறைச்சியே தன் பங்குக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் சாறு விடும். தேங்காயின் முதற்பாலைக் கடைசி அரை மணி நேரத்தில் சேர்க்க வேண்டும். நாள் முழுவதும் சூட்டில் கிடந்தால் அது திரிந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு. இதை மிகக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கொழும்பு குளிர்நாட்டு நகரமல்ல. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நோய்தரும் பக்டீரியாக்கள் பெருகும். உறைந்த இறைச்சியை அப்படியே போட்டால் அந்த இடைவெளியைக் கடக்கப் பல மணி நேரமாகும்; ஆகவே முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட வேண்டும். போயா தினத்துக்கு முன்பே இறைச்சி வாங்கி உறையவைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. நாம் வெளியே இருக்கும்போது மின்சாரம் போனால்? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது. அவிந்து முடிந்த கறி இரண்டு மணி நேரம் தாங்கும். பாதி வெந்த நிலையில் எப்போது நின்றதென்று தெரியாத கறியை, எவ்வளவு மனம் வராவிட்டாலும், கொட்டிவிடுவதே சரி. மின்வெட்டு அட்டவணை நடப்பில் உள்ள நாளில் இந்தக் கருவியை நம்பக்கூடாது. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் குக்கரிலும் அபாயம் உண்டு: அது 120 வோல்ட்டுக்கானது. நமது 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் வலு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிச் சுருள் எரிந்துபோகும். லண்டனிலிருந்து வருவதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

மாட்டிறைச்சி தொடாத வீடுகள் வெள்ளவத்தையில் ஏராளம். இந்த அறிவியல் அவர்களுக்கும் பயன்படும். ஆட்டின் முன்னங்காலிலும் கழுத்திலும் இதே கொலாஜன்தான். கொண்டைக்கடலையும் இதில் நன்றாக அவியும். ஆனால் ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரை விதையை மட்டும் நேரடியாகப் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் வகை நச்சுப் புரதம் முழுக் கொதிநிலையில்தான் அழியும். ஊறவைத்த நீரைக் கொட்டி, புதுநீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே அது ஸ்லோ குக்கருக்குள் போகலாம்.

நூடுல்ஸ் குழைந்து களியாகிவிடாதா என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. இறைச்சிக்கு மருந்தான காலம் நூடுல்ஸுக்கு நஞ்சு. கோதுமை நூடுல்ஸில் மாப்பொருள் மணிகளைக் குளூட்டன் என்ற புரத வலை பிடித்து வைத்திருக்கிறது. 60 முதல் 70 பாகையில் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கும். நீண்ட நேரம் வைத்தால் வலை தளர்ந்து, மணிகள் வெடித்து, குழம்பு கூழாகும். முட்டை சேர்த்த நூடுல்ஸ் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். குளூட்டன் இல்லாத அரிசி நூடுல்ஸ் விரைவில் உடையும். ஆகவே வீடு வந்து உடுப்பு மாற்றும் நேரத்தில் ‘ஹை’ நிலைக்குத் திருப்பி, கோதுமை நூடுல்ஸைச் சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடம் மூடி வைத்தால் போதும். கசியும் சிறிதளவு மாப்பொருளும் கரைந்த ஜெலட்டினும் சேர்ந்து குழம்பைத் தடிப்பாக்கும். தனியாக மா கரைத்து ஊற்றத் தேவையில்லை. இடியப்பம் ஏற்கெனவே அவிந்தது. அது தட்டிலேயே குழம்பைச் சந்திக்கட்டும்.

இந்தக் கருவி எல்லாருக்கும் வேண்டியதென்று சொல்ல முடியாது. பகலில் வீட்டில் ஆள் இருந்து, பிரஷர் குக்கரும் கைக்குப் பழகியிருந்தால் புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. ஆனால் நமது வீடுகளில், வேலைக்குப் போய் வந்த பிறகும் அடுப்படிக்குப் போவது பெரும்பாலும் ஒரே ஆள். களைத்த அந்த ஆளிடம் இருப்பதும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணிக்குள் அவியக்கூடிய இறைச்சி விலை கூடியது. மலிவான கால்சதையோ எட்டு மணி நேரம் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு, 200 வாட் மின்சாரத்தில் அந்த எட்டு மணி நேரத்தைத் தருகிற சட்டி ஆடம்பரமல்ல. கடினமான இறைச்சியை வாங்கிய குற்றத்துக்காக இனி யாரும் அடுப்பருகே நின்று தண்டனை அனுபவிக்கத் தேவையில்லை.