நீர்க்கடுப்பு: வெட்கம் வேண்டாம், கவனம் வேண்டும்



ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும்போது, ஒதுங்க இடம் கிடைக்காதே என்று காலையிலிருந்தே தண்ணி குடிக்காமல் இருக்கிறோம். களையெடுப்பு, தறி வேலை எதுவானாலும் இதே கதைதான். குழுக் கூட்டத்தில் நீர்க்கடுப்பு என்று பேச்செடுத்தால் முதலில் சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருவராக "எனக்கும் இருக்குது" என்கிறார்கள்.

ஏன் வருகிறது?

"உடம்பு சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டு இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் இது கிருமித் தொற்று. குடலில் இருக்கும் ஈ-கோலை என்ற கிருமி, மலம் போகும் இடத்திலிருந்து சிறுநீர்த் துவாரம் வழியாக ஏறி, சிறுநீர்ப்பையில் பெருகுகிறது. சிறுநீர்க் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., நமக்கு 4 செ.மீ.தான். அதனால் கிருமிக்குத் தூரம் குறைவு. நீர் போகப் போகக் கிருமியும் வெளியேறும். அடக்கினால் உள்ளேயே தங்கிப் பெருகும்.

எந்த வயதில்?

* கைக்குழந்தை: காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே இருக்கலாம்.
* பள்ளிச் சிறுமிகள்: நீரை அடக்குவதாலும் மலச்சிக்கலாலும் வரும்.
* மணமான பெண்கள்: உடலுறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படலாம். இதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.
* கர்ப்பிணிகள்: கடுப்பே இல்லாமலும் தொற்று இருக்கலாம். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.
* மாதவிலக்கு நின்றவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள்: திரும்பத் திரும்ப வரும்.

எப்போது உடனே போக வேண்டும்?

எரிச்சல், அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று வலி, கலங்கலான நீர் ஆகியவை முதல் அடையாளங்கள். குளிர்காய்ச்சல், விலா அல்லது முதுகு வலி, வாந்தி சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நீரில் ரத்தம் தெரிந்தாலும், கர்ப்பிணிக்குக் கடுப்பு வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திருத்தணி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். மெடிக்கல் கடையில் கேட்டு ரெண்டு மாத்திரை போடுவது ஆபத்து. டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையை முழுசாகச் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மறுபடி தலைதூக்கும். பார்லித் தண்ணி, மோர் குடிக்கலாம். ஆனால் அவை மருந்துக்கு ஈடாகாது.

வராமல் தடுக்க

* தண்ணி நிறையக் குடியுங்கள். குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. (சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவே குடிக்கவும்.)
* மூணு நாலு மணிக்கு ஒருமுறை நீர் கழியுங்கள். உறவுக்குப் பிறகும் கழியுங்கள்.
* முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவுங்கள். உள்ளே சோப்பு வேண்டாம்.
* பருத்தி உள்ளாடை போடுங்கள். மாதவிலக்குத் துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

ஒதுங்க இடம் இல்லாதவரை "தண்ணி குடி" என்ற அறிவுரை மட்டும் போதாது. பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் கழிப்பறை இருக்கிறதா, தண்ணி வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பட்டியல் எடுப்போம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆகஸ்டு 15 கிராம சபையில் எல்லோரும் சேர்ந்தே கேட்போம்.