சனிக்கிழமை இரவு, ஒரு கொலை வழக்கு

கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டிய வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்கிறார்கள்? கேஸ் புக் பண்ணியாச்சா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்றைக்கு, ஊரிலிருந்து அத்தை போன் பண்ணினாரே என்ன விஷயம். எல்லாம் வேண்டிய பேச்சுதான். அது முடிந்ததும் ஆளுக்கொரு செல்போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் இதை மாற்றியது ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு கொலை வழக்கு இருந்தது.

நான் திருச்சியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். சனிக்கிழமை அவர் கடையைப் பூட்டிவிட்டு வர ஒன்பதரை ஆகிவிடும். அதற்கு மேல் கிளம்பி ஓட்டலுக்கோ சினிமாவுக்கோ போகத் தெம்பிருக்காது. மகள் தூங்கியதும் கூடத்தில் பாயை விரித்து, காகிதம் பறக்காதபடி ஃபேனைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காருவோம். பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க் சுக்குக் காப்பி, ஒரு பென்சில், மகளின் பழைய ரஃப் நோட்டு. ‘டேட் நைட்’ என்று இளசுகள் சொல்கிறார்களே, எங்களுக்கு அது இதுதான்.

இந்த விளையாட்டுகளைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இவற்றில் பலவற்றில் தாயக்கட்டை கிடையாது, காய் நகர்த்தல் கிடையாது. பெட்டியைத் திறந்தால் சாட்சிகளின் வாக்குமூலம், புகைப்படம், வரைபடம், செய்தித்தாள், ரசீது என்று ஒரு வழக்கின் கட்டே இருக்கும். அதைப் படித்து, ஒப்பிட்டு, யார் செய்தது, ஏன், எப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும். முக்கியமான விஷயம், விளையாடும் இருவரும் ஒரே கட்சி. ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. செஸ்ஸோ கேரமோ ஆடிவிட்டு ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு இதன் அருமை புரியும்.

யோசனை புதிதல்ல. 1936-இல் இங்கிலாந்தில் டென்னிஸ் வீட்லி என்ற நாவலாசிரியரும் ஜே. ஜி. லிங்க்ஸ் என்ற அவருடைய நண்பரும் சேர்ந்து ‘மர்டர் ஆஃப் மயாமி’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். பார்க்க நாவல் மாதிரி இருக்காது, போலீஸ் ஃபைல் மாதிரி இருக்கும். தந்திகள், புகைப்படங்கள், கறை படிந்த திரைத்துணியின் ஒரு துண்டு, தலைமுடி, தீக்குச்சி எல்லாம் நிஜமாகவே உள்ளே வைக்கப்பட்டிருந்தன. கடைசிப் பக்கங்கள் ஒட்டி மூடப்பட்டிருக்கும். விடையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றிய பிறகு அதைக் கிழித்துப் பார்க்க வேண்டும். இன்று விற்கும் வழக்குப் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான்.

அடுத்து வந்த க்ளூடோவை நம்மில் பலர் ஆடியிருப்போம். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆன்டனி பிராட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியது. பலகையில் இருக்கும் மாளிகையின் வரைபடத்தை வடிவமைத்தவர் அவர் மனைவி எல்வா. 1944-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், போர்க்காலத் தட்டுப்பாடுகளால் 1949-இல்தான் வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள். பெருக்கினால் 324 சாத்தியங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதை வைத்துத்தான் பெருக்கல் விதியைச் சொல்லித்தருகிறேன். ஆனால் க்ளூடோவில் ஒருவருக்கொருவர் சீட்டை மறைத்துக்கொள்ள வேண்டும், அவரவர் தனித்தனியாக யூகிக்க வேண்டும். சேர்ந்து துப்பறிகிற சுகம் அதில் இல்லை.

அந்தச் சுகத்தைக் கொடுத்தது 1981-இல் அமெரிக்காவில் வந்த ‘ஷெர்லக் ஹோம்ஸ் கன்சல்ட்டிங் டிடெக்டிவ்’. பின்னர் ஜெர்மனிக்குப் போய், அங்கே ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்குத் தரப்படும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதை 1985-இல் வாங்கியது. என்னைக் கேட்டால் இந்த வகையில் இதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை.

எப்படி ஆடுவது என்று சொல்கிறேன். பெட்டிக்குள் விக்டோரியா காலத்து லண்டனின் வரைபடம் ஒன்று. வீடுகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கும். ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்லும் முகவரிப் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு வழக்குக்கும் அன்றைய தேதியிட்ட செய்தித்தாள் ஒன்று, ஒரு வழக்குப் புத்தகம். ஹோம்ஸுக்காகத் தகவல் திரட்டும் பேக்கர் தெருப் பையன்கள்தான் நாம். பேக்கர் தெரு வீட்டில் வழக்கின் தொடக்கத்தை வாசித்துவிட்டு, இனி எங்கே போவது என்று நாமே முடிவெடுக்க வேண்டும். இறந்தவரின் வீட்டுக்கா, பிணப் பரிசோதனை செய்த டாக்டரிடமா, ஸ்காட்லாந்து யார்டுக்கா? முகவரிப் புத்தகத்தில் எண்ணைத் தேடி, வழக்குப் புத்தகத்தில் அந்த எண்ணுக்குரிய பத்தியைத் திறந்து வாசிக்க வேண்டும். சில கதவுகளைத் தட்டினால் பொக்கிஷம் கிடைக்கும். சிலவற்றில் வேலைக்காரி வந்து ‘ஐயா வீட்டில் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அந்தச் செய்தித்தாளை நான் வரிக்கு வரி படிப்பேன். விளம்பரம், ஏல அறிவிப்பு, கப்பல் வந்து சேர்ந்த செய்தி எதையும் விடமாட்டேன். துப்பு எங்கே கிடக்கும் என்று தெரியாது. பழைய வழக்குகளின் தாள்களும் பிறகு வரும் வழக்குகளுக்கு உதவக்கூடும் என்பதால் எதையும் பரணில் போட்டுவிட முடியாது. என் வீட்டுக்காரர் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் நீளமாகப் படிப்பது அவருக்கு அலுப்பு. அதனால் நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் வரைபடத்தின் மேல் விரலை வைத்துத் தொடர்ந்து வருவார். “கொஞ்சம் இரும்மா, இவன் இந்தத் தெருவிலேர்ந்து அந்தப் பாலத்துக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் போனான்?” என்று பாதியில் நிறுத்துவார். மருந்து சப்ளைக்காகத் தில்லைநகருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வண்டி அனுப்புகிற மனுஷர். தூரமும் நேரமும் அவருக்கு உடனே உறைத்துவிடும். எனக்கு உறைக்காது. நான் வாக்குமூலத்தில் ஆள் என்ன சொன்னான் என்பதையே பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வழக்குக் கட்டில் ஒரு கடை ரசீது இருந்தது. மூன்று பேர் வாக்குமூலத்தையும் அட்டவணை போட்டு நான் அலசிக்கொண்டிருந்தேன். அவர் அந்த ரசீதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல நேரம் பாரு. ஆள் ஊர்லயே இல்லேன்னு சொன்ன நேரத்துல கடையில சாமான் வாங்கியிருக்கான்” என்றார். “எப்படிங்க பாத்தீங்க?” என்று கேட்டேன். “பில்லுல தேதி பாக்காம என்னைக்காவது சரக்கு இறக்கியிருக்கேனா?” என்றார். அவர் தொழிலின் சாமர்த்தியம் என்னவென்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும், அவர் எப்படி யோசிக்கிறார் என்று எனக்குக் காட்டும் சந்தர்ப்பம் அதுவரை வாய்க்கவில்லை. கடை அவருக்கு, வகுப்பறை எனக்கு. இந்தக் காகிதக் கட்டு மட்டும்தான் இருவருக்கும் பொது.

இரண்டு பேர் சேர்ந்து துப்பறிவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1985-இல் காரல்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழுவாகப் பேசும்போது மனிதர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தியையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி சபைக்கு வராமலே போய்விடுகிறது என்று அதில் தெரியவந்தது. துப்பறியும் விளையாட்டில் இது அப்படியே நடக்கும். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காகிதங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். படித்து முடித்ததும், மற்றவர் பார்த்திராத செய்தி எதுவோ அதை முதலில் சொல்லிவிட வேண்டும். யார் மேல் சந்தேகம் என்பது அப்புறம். அந்தப் பெயரையும் வாயால் சொல்லாமல் தனித்தனிச் சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவோம். ஒருவர் முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவரின் யோசனை அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

இந்த விளையாட்டுக் குடும்பத்தில் இன்னொரு கிளை ‘எக்ஸிட்’ வரிசை. பூட்டிய அறையிலிருந்து புதிர்களை அவிழ்த்துத் தப்பிக்கும் எஸ்கேப் ரூம் 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கியது. அதைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கியவர்கள் இங்கா பிராண்ட், மார்க்குஸ் பிராண்ட் என்ற ஜெர்மானியத் தம்பதி. 2016-இல் வந்த முதல் பெட்டிகளுக்கு அடுத்த ஆண்டே ஷ்பீல் டெஸ் யாரெஸின் சகோதர விருது கிடைத்தது. க்ளூடோவுக்குப் பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, எக்ஸிட்டுக்குப் பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி. இது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

எக்ஸிட்டில் சீட்டுகளை மடிக்க வேண்டும், வெட்ட வேண்டும், மேலே எழுத வேண்டும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். கத்தரிக்கோலை எடுத்து, அழகாக அச்சடித்த ஒரு தாளின் நடுவே வைத்தவர் வெட்டவே மாட்டேன் என்றார். கடைசியில் ஜெராக்ஸ் எடுத்து வந்து அதை வெட்டினோம். நிறைய இடங்களில் அது சரிப்பட்டு வரும். மூன்று எண்களைப் பெட்டியோடு வரும் சக்கரத்தில் திருப்பி வைத்துப் பார்த்து, விடை சரி என்று சீட்டு சொல்லும்போது அவர் தொடையைத் தட்டுகிற சத்தத்தில் மகள் எழுந்துவிடுவாளோ என்றிருக்கும். சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு புதிருக்கும் மூன்று உதவிச் சீட்டுகள் உண்டு. முதல் சீட்டு கோடி காட்டும், இரண்டாவது வழி சொல்லும், மூன்றாவது விடையையே சொல்லிவிடும். தாராளமாக எடுங்கள். நடுராத்திரியில் ஒரே புதிரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் சந்தோஷம் வடிந்து கோபம் ஏறும்.

ஆங்கிலம் தடையாக இருக்கிற வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது ‘மைக்ரோமேக்ரோ: க்ரைம் சிட்டி’. யோஹானஸ் ஸிஷ் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது, 2021-இன் ஷ்பீல் டெஸ் யாரெஸ். 75 சென்டிமீட்டருக்கு 110 சென்டிமீட்டர் அளவில் ஒரு முழு நகரத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக வரைந்திருக்கிறார்கள். கூடவே ஒரு பூதக்கண்ணாடி, 16 வழக்குகள். ஒரே ஆள் படத்தில் பல இடங்களில் வருவார். ஓர் இடத்தில் பிணமாகக் கிடப்பவர், அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் இரண்டு தெரு தள்ளி நடந்து வந்துகொண்டிருப்பார், அதற்கும் முன்னால் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார். கண்ணால் பின்னோக்கி நடந்து போனால் யார் பின்தொடர்ந்தார்கள் என்று பிடித்துவிடலாம். பாயில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு தேட வேண்டியதுதான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மாமியார் நின்றவாக்கில், “மேல ஜன்னல்ல ஒருத்தி எட்டிப் பாக்குறாளே, அவளைக் கேட்டீங்களா?” என்று கேட்டார். அவள்தான் சாட்சி.

பெட்டிக்குக் காசு செலவழிக்க மனமில்லையா? ‘அந்த நாள்’ இருக்கிறது. 1954-இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு கிடையாது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில், ரேடியோ என்ஜினீயராக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துகிடப்பார். ஐந்து பேர் மேல் சந்தேகம். ஜாவர் சீதாராமன் விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை விரிகிறது. ஏற்கெனவே பார்த்தவருக்கு இது பயன்படாது. பார்க்காத தம்பதிகள், சந்தேக நபர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி உட்காரவைக்கும் கட்டத்தில் படத்தை நிறுத்திவிட்டு, சீட்டில் பெயர் எழுதி, காரணத்தையும் வாதாடிப் பாருங்கள். ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவலிலும் இதைச் செய்யலாம். கடைசி அத்தியாயத்தை கிளிப் போட்டு மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் தாம்பத்தியத்துக்கு நல்லதா என்று என் சக ஆசிரியை கேட்டார். 2000-இல் ஆர்தர் ஏரனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தம்பதிகளைக் கையோடு கையும் காலோடு காலும் சேர்த்துக் கட்டி, மெத்தை விரிப்பில் தவழவிட்டு, ஒரு பொருளைக் கொண்டு போகச் சொன்னார்கள். ஏழே நிமிஷ வேலை. சலிப்பான வேலை கொடுக்கப்பட்ட தம்பதிகளைவிட இவர்கள் தங்கள் உறவைப் பற்றிக் கூடுதல் நிறைவு சொன்னார்கள். புதிதாகவும் விறுவிறுப்பாகவும் ஒன்றைச் சேர்ந்து செய்வதில்தான் பலன் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஏழு நிமிஷ ஆய்வை வைத்து வாழ்நாள் உத்தரவாதம் எதுவும் நான் தரவில்லை. சண்டையில் இருக்கும் நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள், சாட்சியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிடுவீர்கள். மற்ற நாட்களில் என் அனுபவம் அந்த ஆய்வின் பக்கம்தான்.

தொடங்க நினைப்பவர்கள் மைக்ரோமேக்ரோவில் தொடங்குங்கள். ஹோம்ஸ் பெட்டிக்கு ஒரு வழக்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும், அதை மறுநாள் விடுமுறையாக இருக்கும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செல்போனையும் அடுக்களையில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். விடை தெரிந்துவிட்டால் அதே வழக்கை மறுபடி ஆட முடியாது. அதனால் வெட்டாத, கிழிக்காத பெட்டிகளைப் பரணில் ஏற்றாமல், பக்கத்து வீட்டுக்கோ புதிதாகக் கல்யாணமான தம்பி தங்கை வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது கொலையாளியின் பெயரை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.