குகைக்குப் பாதுகாப்பு உண்டு, குன்றுக்கு?

பெங்களூரு: தென் பெங்களூரில் பொம்மனஹள்ளியை அடுத்துள்ளது ஹுளிமாவு. பன்னேர்கட்டா சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்த இப்பகுதியில், பாறைக்குள் அமைந்த ராமலிங்கேசுவரர் குகைக் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெற்று வருகிறது. பொம்மனஹள்ளி நகரசபை 2007-ல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரம் இவ்வாறு விரிந்து பழைய பாறைகளை நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. காக்கப்பட வேண்டியது குகை மட்டுமா, அதைத் தாங்கி நிற்கும் குன்றுமா?

பெங்களூரு கவிபுரத்தில் உள்ள கவி கங்காதரேசுவரர் குகைக் கோயில் இதற்கு நல்ல உதாரணம். மகர சங்கராந்தியன்று மாலைச் சூரியனின் கதிர்கள் நந்தியின் கொம்புகளுக்கு இடையே நுழைந்து லிங்கத்தின் மீது படுவதைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். இவ்வாறு ஒளி படுவது ஆண்டுக்கு இரு முறை நிகழ்கிறது என 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் டேனியல் ஓவியர்கள் வரைந்த படங்களுடன் ஒப்பிட்டு, கோயிலில் பிற்காலத்தில் கட்டுமான மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளதையும் அது சுட்டிக்காட்டியது. சூரியன் வரும் திசையில் உயரமான ஒரு கட்டடம் எழுந்தாலே போதும். குகைக்குச் சேதமில்லாமலேயே அதன் சிறப்பு மறைந்துவிடும்.

300 மீட்டர் எல்லை: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் விதித்து 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. தடைப் பகுதியில் மத்திய அரசின் பொதுப் பணிகளை அனுமதிக்கும் மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையோ அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது.

கி.பி. 578-ம் ஆண்டுக் கல்வெட்டைக் கொண்ட பாதாமி குகைகள் போன்ற புகழ்பெற்ற சின்னங்களுக்கு இந்தச் சட்டம் கவசமாக உள்ளது. ஆனால், மத்திய அரசின் பட்டியலில் இடம்பெறாத குகைகளுக்கு இந்த 300 மீட்டர் பொருந்தாது. பட்டியலில் உள்ளவற்றுக்கும், அந்த எல்லைக்கு அப்பால் மலை முழுவதையும் அது காப்பதில்லை.

அரிட்டாபட்டி தரும் பாடம்: மதுரை மாவட்டம் மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டியில் தமிழ் பிராமி கல்வெட்டுகள், சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் ஆகியவை உள்ளன. 2022 நவம்பரில் இப்பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆயினும் அதை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்தை மத்திய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கிராம மக்கள் போராட்டத்தில் இறங்கினர். டிசம்பரில் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.

பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் ஏலத்தைத் தடுக்கவில்லை. மக்கள் திரண்டதே தடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சுற்றுலாவும் சுமையே: பார்வையாளர்களால் வருவாய் பெருகும், சுமையும் பெருகும். பண்டைய பௌத்த விகாரங்களான அஜந்தா குகைகளில், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றின் ஈரப்பதம்கூட ஓவியங்களைப் பாதிக்கிறது. அங்கு வாகனங்களைச் சுமார் 4 கி.மீ. முன்பே நிறுத்திப் பேருந்தில் பயணிகளை அழைத்துச் செல்லும் ஏற்பாடு, சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காக்கும் முயற்சியாகும்.

கட்டடக் கோயில் சிதைந்தால் கற்களை அடுக்கி மீண்டும் எழுப்பலாம். குடைவரை அப்படியல்ல. மலையே அதன் சுவர், மலையே அதன் கூரை. எனவே, மத்திய, மாநில அரசுகள் குகைகளைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், குவாரி, சுரங்க உரிமங்களை வழங்குவதற்கு முன்பே ஒவ்வொரு குன்றின் எல்லையையும் வரையறுத்து அறிவிக்க வேண்டும். குன்று ஜல்லியான பிறகு வைக்கப்படும் பாதுகாப்புப் பலகையால் யாருக்கும் பயனில்லை.