கயிற்றில் யட்சியை உருவாக்கிய பெண் சிற்பி!
கண்காட்சி திறந்த ஒரே வாரத்தில் மரணம்

சிலை என்றால் கல்லில் வடிப்பார்கள், மரத்தில் செதுக்குவார்கள். கட்டில் பின்னுகிற மாதிரி சணல் கயிற்றை வைத்துக்கொண்டு யட்சியையும் வனதேவதையையும் உருவாக்கினார் ஒரு பெண். அவர்தான் மிருணாளினி முகர்ஜி.

1949-ல் மும்பையில் பிறந்தவர். சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியின் ஒரே மகள். பரோடாவில் கே.ஜி.சுப்பிரமணியனிடம் படித்தார்.

வெறும் முடிச்சுதான்!

தறி கிடையாது. முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. சாயம் ஏற்றிய கயிற்றில் முடிச்சு மேல் முடிச்சு. மாதக்கணக்கில் கை ஓயாது. சில உருவங்கள் ஆள் உயரத்தையே தாண்டும். 'யட்சி' 1984-லும், 'வனஸ்ரீ' 1994-லும் உருவானவை.

"இது சிற்பமா? கைவேலைதானே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் கயிற்றை விடவில்லை. பிறகே மண்ணுக்கும் வெண்கலத்துக்கும் மாறினார்.

ஆஸ்பத்திரியில்...

2015 ஜனவரி 27. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. திறப்பு நாளில் அவர் ஆஸ்பத்திரியில்! பிப்ரவரி தொடக்கத்தில் உயிர் பிரிந்தது. வயது 65.

2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் அவரது 60-க்கு நெருக்கமான படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 'கைவேலை' என்று ஒதுக்கிய கயிறு கடல் தாண்டிப் போனது. பார்க்கத்தான் அவர் இல்லை.