முகவுரையில் வாழும் பெரியோர்

புத்தகம் வாங்கியதும் முகவுரையைத் தள்ளிவிட்டு நேரே நூலுக்குள் நுழைவது நம்மவரில் பலருக்கு வழக்கம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தோம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்புக்களைப் பயிலத் தொடங்கிய பின்னரே அப்பழக்கம் நம்மை விட்டு நீங்கிற்று. ஏட்டுப் பிரதி அளித்தவர் யார், எந்த ஊரார், பொருளுதவி புரிந்தவர் யார் என்பவற்றையெல்லாம் ஐயரவர்கள் அங்கே மறவாமல் குறித்திருக்கிறார்கள். அப்பெயர்களில் சிலவற்றின் பின்னே உள்ள வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளும் அறியத்தக்கது.

1876ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானார். இருபத்தொரு வயதுடைய மாணாக்கருக்கு ஆசிரியரும் போயினார், வருவாயும் இல்லை. அப்போது திருவாவடுதுறை ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே இருத்தி ஆதரித்தார். அவ்வாதரவு இல்லையாயின் அம்மாணாக்கர் பிழைப்பை நாடி எங்கே சென்றிருப்பாரோ!

நான்கு ஆண்டுகள் கழிந்தன. கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. உடல்நலம் குன்றிய செட்டியார், 1880ஆம் ஆண்டில் தம்முடைய ஸ்தானத்தைச் சாமிநாதையருக்கு வாங்கித் தந்தார். தேசிகருக்கோ அவரைப் பிரிய மனமில்லை. ஆயினும் அவர் முன்னேற்றத்தைக் கருதி விடை கொடுத்தார். உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி தனியாகவே படுகிறது. தமக்குப் பின் அந்த நாற்காலியில் யார் அமரவேண்டும் என்று இவ்வளவு கவலை கொண்டவர்களை நாம் அதிகமாகக் கண்டதில்லை.

அவ்வாண்டிலேயே மற்றோர் உதவியும் வந்தது. அது உதவியின் உருவத்தில் வரவில்லை. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் பாவனையில் இருந்துவிட்டு, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பல ஆண்டு பாடுபட்டுப் பெற்ற புலமையை ஒருவர் அரைமணி நேரத்தில் அளந்து குறை கண்டால் நமக்குக் கோபமே வரும். ஐயரோ முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். பொருள் கொடுத்தவரை நன்றியுடன் நினைப்பவர் பலர். தம் கல்வியின் குறையைக் காட்டியவரைத் தம் வாழ்வின் திருப்பமாக எழுதிவைப்பவர் எத்தனை பேர்?

நூலோ சமணக் காப்பியம். அம்மதத்தின் கோட்பாடுகள் ஐயருக்குத் தெரியா. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தார். வேற்று மதத்தவர் ஒருவர் தம் நூலைப் பதிப்பிக்க முயல்கிறாரே என்று ஐயுறாமல் அவர்களும் விளக்கினார்கள்.

பிறகு அச்சுக்கூடச் செலவு. காலேஜ் சம்பளம் குடும்பத்துக்கே சரியாயிருந்தது. ஆதலால் கையொப்பக்காரர்களை நாடவேண்டியிருந்தது. கண்ணால் காணாத புத்தகத்துக்குப் பெயர் எழுதிப் பணம் அனுப்பிய அந்தப் பெருமக்களை நம்பித்தான் 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி வெளிவந்தது. பின்னர் 1898இல் மணிமேகலை வெளிவருவதற்குப் பாண்டித்துரைத் தேவர் துணைநின்றார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் அவரே.

1903ஆம் ஆண்டில் ஐயர் சென்னை இராசதானிக் கலாசாலைக்கு மாற்றலாகி வந்தார். திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் "தியாகராச விலாசம்" என்று பெயர் வைத்தார். உத்தியோகம் வாங்கித் தந்தவரின் பெயர் அவ்வாறு ஒவ்வொரு நாளும் வாயிலில் விளங்கிற்று. அந்த வீடு 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. செட்டியாரின் சரித்திரத்தை ஐயர் தனிநூலாக எழுதியிருக்கிறார். அந்நூலை நம் வீட்டு அலமாரியில் முகவுரை தெரியும்படி எடுத்து வைத்திருக்கிறோம்.