‘முர்ரா’ என்ற வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் – திருவள்ளூர் சாலையில் அலமாதி இருக்கிறது. அங்குள்ள மத்திய அரசின் கால்நடைப் பண்ணை, முர்ரா எருமைகளை வம்சாவளிப் பதிவோடு வளர்த்துப் பொலிகிடாக்களை உருவாக்குகிறது. தரமான முர்ராவுக்கு இவ்வளவு பக்கத்தில் சான்று இருந்தும், பட்டாபிராம், திருநின்றவூர், திருமழிசைப் பக்கங்களில் கடன் வாங்கிக் கறவை எருமை பிடிப்பவர்கள், தரகர் சொல்லும் ‘அசல் முர்ரா’ என்ற வார்த்தையை நம்பி லட்ச ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏமாந்தால் போவது மாட்டுக்காசு மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தின் இரண்டு மூன்று வருட உழைப்பு.

முர்ராவின் பூர்வீகம் ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜிந்த் பகுதிகள். கன்னங்கரேலென்ற உடம்பு, இறுக்கமாகச் சுருண்ட குட்டைக் கொம்பு, நீண்ட வால், அதன் நுனியில் வெள்ளைக் குஞ்சம். கொம்பு அரிவாள்போல் வளைந்து, கழுத்தடியில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது சுர்த்தி இனம். கனத்த நெற்றியோடு கொம்பு கீழே தொங்கினால் ஜாப்ராபாதி. நம் பக்கம் பெரும்பாலும் இருப்பவை, நாட்டு எருமைக்கு முர்ரா சினை ஊசி போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தரம் உயர்த்திய கலப்பு எருமைகள். முதல் தலைமுறையில் பாதி, இரண்டாவதில் முக்கால் பங்கு முர்ரா ரத்தம். அவற்றை வாங்குவதில் தவறே இல்லை, நன்றாகவே கறக்கும். கலப்புக்கு அசலின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

பால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நல்ல முர்ரா ஓர் ஈத்துக்குச் சராசரியாகச் சுமார் 2,000 லிட்டர் கறக்கும். கறவைக் காலம் ஏறத்தாழ 300 நாள். அப்படியானால் நாளொன்றுக்கு ஏழு லிட்டருக்கும் குறைவு. கன்று போட்ட இரண்டாம் மாதத்தில் பதினைந்து லிட்டர் கறக்கும் எருமையும் அதே அளவைப் பத்து மாதமும் கறக்காது. தரகர் சொல்வது உச்சக் கறவையை; கடன் தவணை கட்டப்போவது சராசரிக் கறவையில். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் பிற திடச்சத்தையும் பார்த்து விலை போடுவதால், ஏழு சதவீதக் கொழுப்புள்ள எருமைப் பாலுக்கு லிட்டருக்குக் கூடுதல் காசு கிடைக்கும். அந்தக் கணக்கையும் சராசரிக் கறவையை வைத்தே போட வேண்டும்.

ஏமாற்றும் வழிகள் பழையவைதான். முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைப்பது, வேறொரு எருமையின் இளங்கன்றைக் கட்டி ‘இப்போதுதான் ஈன்றது’ என்பது, கொம்பை ராவி எண்ணெய் தடவி வயதைக் குறைப்பது. அதனால் முதல் கறவையைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்தடுத்த இரண்டு வேளையும் நேரில் நின்று கறக்கச் சொல்லி அளந்து பாருங்கள். கன்றை விட்டு ஊட்ட வைத்தால் தாய் ஏற்கிறதா உதைக்கிறதா என்று தெரியும். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால், மடிநோய் இருந்தால் பால் திரித்திரியாக விழும். வயதை அறியப் பல்லைப் பாருங்கள், இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து எருமையே வாங்கத் தோதானது. கருச்சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அது கறப்பவருக்கும் தொற்றக்கூடிய நோய்.

‘ஊசி போட்டால்தான் பால் இறங்கும்’ என்று யாராவது சொன்னால் அந்த எருமை வேண்டாம். உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போட்டுக் கறப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-ம் பிரிவின்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

இனி காகிதம். இனம், எத்தனையாவது ஈத்து, ஒரு நாள் கறவை, காதில் உள்ள பன்னிரண்டு இலக்க அடையாள வில்லையின் எண், விலை இவ்வளவும் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கறக்கும்போது கைப்பேசியில் படம் பிடியுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் மாடும் சரக்குதான்; சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. பிழைப்புக்காகச் சுயதொழிலாக எருமை வாங்குபவர் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோரே. மாட்டு வியாபாரத்தையே தொழிலாகச் செய்பவர்மீது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூர் மாவட்ட ஆணையம்; அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரையிலான மதிப்புக்குக் கட்டணமும் இல்லை. வழிகாட்டுதலுக்கு 1915-ஐ அழைக்கலாம். தன் வீட்டு எருமையை எப்போதோ ஒருமுறை விற்கும் விவசாயி வியாபாரி ஆகமாட்டார். அவர்மீது சிவில் வழக்குதான். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் தரலாம்.

காப்பீடு இல்லாமல் எருமையை ஓட்டிவர வேண்டாம். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 முதல் பிரீமியத்தில் பயனாளியின் பங்கு 15 சதவீதமே. காது வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மறுவில்லை போட்டுக்கொள்ளுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீட்டுத் தொகை பெறுவது பெரும்பாடு. எருமை இறந்தால் நிறுவனத்துக்குச் சொல்லாமல், பிரேதப் பரிசோதனை நடக்காமல் புதைத்துவிடாதீர்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நகரத்துக்குள் வளர்ப்பதற்கு 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி உள்ளாட்சி உரிமம் வேண்டும். ஆவடி 2019-ல் மாநகராட்சியான பிறகும் கொட்டகைகள் இருக்கின்றன, மேய்ச்சல் நிலம்தான் இல்லை. 2024 ஜூனில் திருவொற்றியூரில் தெருவில் திரிந்த எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துச் சென்றது. சாலையில் விட்டால் பிறர் உயிருக்கு ஆபத்து, உங்களுக்கு அபராதம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் பாலும் குறையும், பருவ அறிகுறியும் வெளியே தெரியாமல் போகும். புரள ஏரி இல்லாதவர்கள் நிழலும் நாளுக்கு இரண்டு முறை குளியலும் கொடுத்தே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வாங்கிய பிறகு அவசரமென்றால் 1962-ஐ அழையுங்கள், நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.