கணியம்பாடியில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்களுக்கு

ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அது மலமாதம், அதையும் ஒதுக்குவார்கள். மற்ற மாதங்களில் செவ்வாய், சனி கழித்து, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் பார்த்து எடுத்தவைதான் காலண்டரில் அச்சாகும் முகூர்த்த நாட்கள்.

அந்த நாள் ஊருக்கு நல்ல நாள். உங்கள் வீட்டுக்கும் பொருந்துமா என்பது வேறு கணக்கு. சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள் இருக்கும். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் அது நிற்கும் நாட்கள் சந்திராஷ்டமம். பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று மாதத்தில் நாலைந்து நாள் இதிலேயே போய்விடும். ஜென்ம நட்சத்திரத்தையும் பலர் விலக்குவார்கள். ஆகவே ஜோசியரிடம் இரண்டு ஜாதகத்தையும் சேர்த்தே கொடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று சம்பந்தி வீட்டாரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள். திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் இரண்டிலும் சில மணி நேரம் வேறுபடும். பத்திரிகை அடித்த பிறகு அந்தப் பேச்சு எழுந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஒரே தேதி கேட்காதீர்கள். மூன்று நான்கு தேதி வாங்கி வாருங்கள். பஞ்சாங்கம் அத்தனை கஞ்சமில்லை. வளர்பிறை ஞாயிறுதான் வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடிப்பதால்தான் மண்டபம், சமையல், பூ எல்லாம் விலை ஏறுகின்றன. தேய்பிறை முகூர்த்தமும் முகூர்த்தம்தான். வியாழக்கிழமை காலையில் தாலி கட்டினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. ஏறிய விலையைக் கொடுக்க நகையை அடகு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேதிகள் கைக்கு வந்ததும் ஊர்க் கணக்கு. கணியம்பாடி வேலூர்–திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இந்த வழியாகத்தான் போகும். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். பௌர்ணமியை ஒட்டி முகூர்த்தம் வைத்தால், முந்தின நாள் மாலை வரவேற்புக்கு வரும் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வரவேண்டியிருக்கும். ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இறங்கவும் திரும்பவும் பகல் வெளிச்சம் வேண்டும். அவர்கள் அதிகம் என்றால் விடியற்காலை முகூர்த்தத்தை விட ஒன்பது மணிக்கு மேல் வைப்பது நல்லது. அன்றைய ராகு காலத்தை மட்டும் தள்ளிக்கொள்ளுங்கள். திங்களில் அது 7.30 முதல் 9 வரை, வெள்ளியில் 10.30 முதல் 12 வரை.

மே மாதம் பள்ளி விடுமுறை, எல்லோரும் வருவார்கள். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பந்தியில் உட்காரும் முதியவர்களையும் அடுப்படியில் நிற்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. வீட்டு வாசலில் பந்தல் போடும் எண்ணம் வேண்டாம். மாசி, பங்குனியில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எனக்குத் தை மாதம்தான் பிடிக்கும்: குளிர்ச்சி இருக்கிறது, பல வீடுகளில் அறுவடைப் பணமும் இருக்கிறது.

இவ்வளவு பேரைக் கேட்கிறோம், மணப்பெண்ணைக் கேட்க மறந்துவிடுகிறோம். அவள் மாதவிடாய் நாட்களைக் கணக்கில் எடுக்காமல் தேதி வைத்துவிட்டு, பிறகு நாளைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிக் கொடுப்பது சரியல்ல. அம்மாவோ அக்காவோ முதலிலேயே அவளிடம் கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வயது. தாலி கட்டும் நாளன்று பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். "இந்தத் தையை விட்டால் குரு பலன் போய்விடும்" என்று பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நாள் குறித்தால் அது குற்றம். தெரிந்தவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

தேதி முடிவானால் காலண்டரில் இன்னொரு தேதியையும் குறித்துவையுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி கல்யாணம் முடிந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பிரதியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அங்கே கேட்பார்கள்.